பீட்டர் கேப்ரியலை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது: ஜெனசிஸ் காலமா, தனிப் பயணமா?

பிரிட்டனின் ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலைப் புதிதாகக் கேட்க முனைகிறவர் முதலில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். சர்ரேயில் உள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் உடன் படித்த நண்பர்களோடு சேர்ந்து 1967-இல் அவர் தொடங்கிய ஜெனசிஸ் குழுவில் 1975 வரை அவர்தான் முதன்மைப் பாடகர். அந்த எட்டு ஆண்டுகளில் ஆறு ஸ்டுடியோ ஆல்பங்கள் வெளிவந்தன. குழுவிலிருந்து விலகியபின் 1977-இல் முதல் தனி ஆல்பத்தோடு தொடங்கிய பயணம், 2023-இல் வெளிவந்த ‘ஐ/ஓ’ வரை நீண்டிருக்கிறது. இரண்டிலும் ஒலிப்பது ஒரே குரல்தான். ஆனால் பாட்டின் நீளம், சொற்களின் போக்கு, தாளத்துக்குத் தரப்படும் இடம், பாடகரின் பங்கு ஆகிய எல்லாவற்றிலும் இவ்விரு காலங்களும் வெகுவாக விலகி நிற்கின்றன. ஒன்றில் மனம் பறிகொடுத்தவர் அடுத்ததைக் கேட்டுத் திகைத்துப் பாதியிலேயே நிறுத்திவிடுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஆகவே எதை முதலில் கேட்பது என்னும் கேள்வி, அவரை முழுமையாகக் கேட்போமா அல்லது ஒரு பாதியோடு விட்டுவிடுவோமா என்பதையே தீர்மானித்துவிடக்கூடியது.

வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்கங்கள் இரண்டு. பெரும்பாலோர் 1986-இன் ‘சோ’ ஆல்பத்தைக் கைகாட்டுவார்கள். நீண்ட, சிக்கலான அமைப்புடைய ராக் வகையான புராகிரசிவ் ராக்கில் ஊறியவர்கள் 1973-இன் ‘செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்’ ஆல்பத்தைச் சொல்வார்கள். இரண்டும் அருமையான ஆல்பங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், முதன்முதலாகக் கேட்கிறவருக்கு 1980-இல் வெளிவந்த மூன்றாவது தனி ஆல்பமே சரியான தொடக்கம் என்று நான் கருதுகிறேன். அது ஏன் என்பதை விளக்க, இரு காலங்களையும் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜெனசிஸில் கேப்ரியலின் இடம் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். கீபோர்டு வாசித்த டோனி பேங்க்ஸும் பாஸ் வாசித்த மைக் ரதர்ஃபோர்டும் பள்ளிக் காலத்திலிருந்தே உடன் இருந்தவர்கள். 1970-இல் டிரம்ஸுக்கு ஃபில் காலின்ஸும், அவரை அடுத்து கிதாருக்கு ஸ்டீவ் ஹாக்கெட்டும் வந்து சேர்ந்தபின்தான் குழு தன் முழு உருவத்தை அடைந்தது. பாடல்கள் ஐவரின் பெயரிலும் வெளியாயின. இசையின் கட்டுமானத்தில், குறிப்பாகக் கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) அடுக்கி மெல்ல மெல்ல உயர்த்திச் செல்லும் அந்தப் பாணியில், பேங்க்ஸின் கை மிக வலுவானது. கேப்ரியல் சொற்களைத் தந்தார், புல்லாங்குழல் வாசித்தார், மேடையில் குழுவின் முகமாக நின்றார். பன்னிரண்டு தந்திக் கிதார்களுக்குச் சுதி சேர்க்க நேரம் பிடித்ததால், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் விழும் மௌனத்தை நிரப்ப விசித்திரமான கதைகளைச் சொல்லத் தொடங்கினார். அந்தக் கதைசொல்லி மெதுவாக வேடமிடும் நடிகராகவும் மாறினார். 1972-இல் டப்ளினில் நடந்த நிகழ்ச்சியில், குழுவினருக்குக்கூட முன்கூட்டிச் சொல்லாமல், மனைவியின் சிவப்பு கவுனை அணிந்து, தலையில் நரித்தலையை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். அதன்பின் வௌவால் சிறகுகள், பூவின் இதழ்கள், கிழவனின் முகமூடி என்று வேடங்கள் தொடர்ந்தன.

இவையெல்லாம் கண்ணுக்கான வேலைகள், வெறும் ஆல்பத்தைக் கேட்கிறவருக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இருக்கிறது. 1971-இன் ‘நர்சரி கிரைம்’ ஆல்பத்தின் முதல் பாட்டான ‘த மியூசிக்கல் பாக்ஸ்’ இதற்குச் சான்று. சிந்தியா என்ற சிறுமி, ஹென்றி என்ற சிறுவனைக் குரோக்கே மட்டையால் அடித்துக் கொன்றுவிடுகிறாள். பின்னர் அவனுடைய இசைப்பெட்டியைத் திறக்கும்போது அவன் ஆவி திரும்பிவந்து, ஒரு முழு வாழ்நாளின் வேட்கையோடு கண்முன்னே முதுமை அடைகிறது. பத்து நிமிடங்களுக்கும் மேல் நீளும் இந்தப் பாட்டைச் சிறுவனின் மெல்லிய குரலில், ஏறக்குறைய கிசுகிசுப்பாக, கேப்ரியல் தொடங்குகிறார். கடைசி இரண்டு நிமிடங்களில், கீபோர்டு கோயில் ஆர்கன்போல் விரிந்தெழும்போது, அதே குரல் கரகரத்து, மூச்சிரைத்து, யாசிப்பும் மிரட்டலும் கலந்த கிழவனின் குரலாகிவிடுகிறது. மேடையில் இந்த இடத்தில்தான் அவர் கிழவனின் முகமூடியை அணிவார். முகமூடியைப் பார்க்காதவர்க்கும் அது காதில் தெரியும். ஒரு பாட்டுக்குள் ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்கு மாறும் இந்த ஆற்றல்தான் ஜெனசிஸ் காலத்துக் கேப்ரியலின் உண்மையான செல்வம்.

1972-இன் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்தில் இது இன்னும் பெரிய அளவில் நிகழ்கிறது. இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக ஆக்கிரமிக்கும் ‘சப்பர்ஸ் ரெடி’ ஏழு பகுதிகளைக் கொண்டது. ஏறத்தாழ 23 நிமிடங்கள் ஓடுகிறது. வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கும் காதலர் இருவரில் தொடங்கி, விவிலியத்தின் உலக இறுதிக் காட்சிகள்வரை செல்லும் இதில், இறுதிக்குச் சற்று முன்னால் ஒன்பது எண்ணிக்கையில் ஓடும் ஒரு பகுதி வருகிறது. டிரம்ஸும் பாஸும் கிதாரும் அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டிருக்க, பேங்க்ஸின் ஆர்கன் அதன்மேல் தன்போக்கில் அலைந்து அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. கேட்கிறவருக்கு மூச்சு முட்டும் நேரத்தில் கேப்ரியலின் குரல் உள்ளே பாய்கிறது. ராக் இசையில் ஒரு பாடகரின் நுழைவுக்கு இவ்வளவு பொறுமையாகத் தளம் அமைக்கப்பட்ட இடங்கள் மிகக் குறைவு.

ஆனால் அந்த நுழைவின் பயனை அடைய அதற்கு முந்தைய இருபது நிமிடங்களையும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும். புதியவருக்கு இதுதான் தடை. நீளம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இரவு முழுவதும் கச்சேரி கேட்ட மரபினருக்கு நீளம் ஒரு பொருட்டல்ல. ஆங்கிலேய மத்தியதர வர்க்கத்தின் பள்ளி வாழ்க்கை, விக்டோரியா காலத்துச் சிறுவர் கதைகள், சிலேடைகள், பழைய பிரார்த்தனைப் பாடல்கள் என்று சொற்களுக்குப் பின்னால் இருக்கும் உலகம் மிக உள்ளூர்த்தன்மை கொண்டது. அந்த ஊரைச் சேராத நமக்கு முதல் கேட்பில் கதை பிடிபடாமல் போகலாம். கதை பிடிபடாவிட்டால் குரலின் நடிப்பும் பாதிதான் நம்மை வந்தடையும்.

இந்தத் தடை குறைவாக உள்ள ஜெனசிஸ் ஆல்பம் ‘செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்’. எந்தக் கருவியின் துணையும் இல்லாமல் கேப்ரியலின் தனிக் குரலோடு அது தொடங்குகிறது. அந்தச் சில நொடிகளே ஒருவரை இழுத்து உட்காரவைத்துவிடும். தன் நாடு சந்தைப்பொருளாகிவிட்டதைப் பற்றிய துயரம் அதில் இருப்பதால், ஆங்கிலேய அடையாளங்கள் நிறைந்திருந்தும் உணர்ச்சி எளிதில் எட்டுகிறது. ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ பாட்டின் நடுவில் கேப்ரியல் புல்லாங்குழலில் ஓர் எளிய மெட்டை வாசிக்கிறார். சில நிமிடங்கள் கழித்து அதே மெட்டை ஹாக்கெட் கிதாரில் நீண்ட கார்வைகளோடு, ஒவ்வொரு சுரமும் கரைந்து மறையும்வரை பிடித்துவைத்து வாசிக்கிறார். முதலில் குழலில் கேட்டது காதில் தங்கியிருந்தால்தான் கிதாரின் உருக்கம் முழுதாக விளங்கும். புல்வெளி வெட்டும் ஒருவனைப் பற்றிய ‘ஐ நோ வாட் ஐ லைக்’ தனிப்பாட்டாக வெளிவந்து பிரிட்டன் தரவரிசையில் 21-ஆம் இடத்தை எட்டியது. குழுவின் முதல் வெற்றிப் பாட்டு அதுதான். ஆல்பத்தின் பலவீனம் ‘த பேட்டில் ஆஃப் எப்பிங் ஃபாரஸ்ட்’. கிழக்கு லண்டன் ரவுடிக் கும்பல்களின் மோதலைச் சொல்லும் அந்தப் பாட்டில் கேப்ரியல் அத்தனை பாத்திரங்களையும் குரலில் கொண்டுவர முயல்கிறார். சொற்கள் இடைவெளியின்றி நெருக்குவதால் இசை மூச்சுவிட இடமில்லாமல் போய்விடுகிறது. முதல் முறை கேட்பவர் அதைத் தாண்டிச் செல்வதில் தவறில்லை.

1974-இன் இரட்டை ஆல்பமான ‘த லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே’ எவருக்கும் தொடக்கமாகப் பொருந்தாது. நியூயார்க்கின் தெருவில் வாழும் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞன் ராயேல், நிலத்துக்கடியில் மேற்கொள்ளும் பயணத்தைச் சொல்லும் இதன் கதையை முழுவதும் தானே எழுத வேண்டும் என்று கேப்ரியல் வற்புறுத்தினார். ஒரு பாட்டின் சொற்களை மட்டும் ரதர்ஃபோர்டும் பேங்க்ஸும் எழுதினார்கள், ஏனையவை அவருடையவை. இசையின் பெரும்பகுதியை மற்ற நால்வரும் ஓர் அறையில் உருவாக்க, கேப்ரியல் வேறோர் அறையில் சொற்களோடு போராடிக்கொண்டிருந்தார். இந்தப் பிளவு ஆல்பத்திலேயே கேட்கிறது. சில இடங்களில் இசையும் சொல்லும் தீப்பற்றிக்கொள்கின்றன. சில இடங்களில் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் ஓடுகின்றன. கேப்ரியலை ஏற்கெனவே நேசிக்கிறவருக்கு இது தீராத சுரங்கம்.

அவர் ஏன் விலகினார் என்பதும் நம் தேர்வோடு தொடர்புடையதே. ‘த எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் திரைப்படப் பணிக்கு அழைத்தபோது கேப்ரியல் சிறிது காலம் குழுவை விட்டு விலகித் திரும்பினார். 1974 ஜூலையில் பிறந்த மூத்த மகள் பிறப்பிலேயே கடுமையான நோயுடன் போராடினாள். மகள் மருத்துவமனையில் இருந்தபோது ஆல்பத்தின் கெடுவைப் பற்றிய கவலைதான் குழுவில் மேலோங்கி நின்றது என்னும் மனக்கசப்பு அவருக்கு இருந்தது. அந்த நவம்பரில் கிளீவ்லாந்தில் தம் முடிவைக் குழுவினரிடம் சொன்னார். எனினும் உலகச் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொடுத்துவிட்டு, 1975 மே மாதம் பிரான்சில் நடந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் வெளியேறினார். குழு அத்தோடு முடிந்துவிடும் என்று பலரும் எண்ணினார்கள். ஃபில் காலின்ஸ் பாடகராகி, 1976-இல் வெளிவந்த ‘எ ட்ரிக் ஆஃப் த டெயில்’ பிரிட்டனில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. ஜெனசிஸின் இசை கேப்ரியல் இல்லாமலும் நிற்கக்கூடியது என்பதை அது நிறுவியது. இதை நான் கேப்ரியலுக்குக் குறைவாகச் சொல்லவில்லை. ஜெனசிஸ் ஆல்பங்களில் நாம் கேட்பது ஐவரின் இசை, அதற்குள் ஒரு பெரிய பாடகர். தனி ஆல்பங்களில் கேட்பது அடியிலிருந்து அவரே அமைத்த ஒலி. கேப்ரியல் என்ற கலைஞரைத் தேடி வருகிறவர் எதை முதலில் கேட்க வேண்டும் என்பதில் இந்த வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதல் நான்கு தனி ஆல்பங்களுக்கும் அவர் தம் பெயரையே தலைப்பாக வைத்தார். பத்திரிகையின் அடுத்தடுத்த இதழ்கள்போல் அவை இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். ரசிகர்கள் அட்டைப்படத்தை வைத்து முதல் மூன்றையும் ‘கார்’, ‘ஸ்கிராட்ச்’, ‘மெல்ட்’ என்று அழைக்கிறார்கள். நான்காவதற்கு அமெரிக்காவில் ‘செக்யூரிட்டி’ என்று பெயர் ஒட்டப்பட்டது.

1977-இன் முதல் ஆல்பத்தில் ‘சால்ஸ்பரி ஹில்’ இருக்கிறது. பாத் நகருக்கு அருகிலுள்ள குன்றின் பெயர் அது. குழுவை விட்டு வெளியேறிய முடிவைப் பற்றிய பாட்டு; பிரிட்டன் தரவரிசையில் 13-ஆம் இடம் பெற்றது. ஏழு எண்ணிக்கையில் அமைந்திருந்தும் அது சிறிதும் நொண்டுவதில்லை. மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு புதிதல்ல என்பதால் தமிழ் இசை ரசிகர் ஒருவர் இதை ஒரு மேல்நாட்டு ரசிகரைவிட எளிதாகத் தலையசைத்துக் கேட்பார் என்று நம்புகிறேன். ஆனால் அந்த ஆல்பம் முழுவதும் ஒரே தரத்தில் இல்லை. தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் ‘ஹியர் கம்ஸ் த ஃபிளட்’ பாட்டின்மீது பெரும் வாத்தியக்குழுவின் சுமையை ஏற்றிவிட்டார். அது கேப்ரியலுக்கும் உடன்பாடாக இல்லை. 1990-இல் ‘ஷேக்கிங் த ட்ரீ’ தொகுப்புக்காக அதே பாட்டைப் பியானோவை மட்டும் வைத்து மீண்டும் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அந்தக் குரலுக்கு எவ்வளவு குறைவான துணை போதும் என்பது விளங்கும். ராபர்ட் ஃபிரிப் தயாரித்த 1978-இன் இரண்டாவது ஆல்பம் வறண்டது, பின்னால் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது ஆல்பத்தில்தான் எல்லாம் கூடிவருகிறது. தயாரிப்பு ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஜம். டிரம்ஸில் சிம்பல் எனப்படும் உலோகத் தட்டுகளைத் தொடவே கூடாது என்று கேப்ரியல் நிபந்தனை விதித்தார். ராக் இசையில் சிம்பல் எழுப்பும் மெல்லிய ஆரவாரம் பாட்டின் மேற்பகுதியை எப்போதும் மூடிக்கொண்டிருக்கும். அதை நீக்கினால் அந்த இடம் காலியாகும், அங்கே குரலும் புதிய ஒலிகளும் வந்து அமரலாம் என்பது காரணம். முதல் பாட்டான ‘இன்ட்ரூடர்’ பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் வேறு யாருமல்லர், பழைய நண்பர் ஃபில் காலின்ஸ்தான். அறையில் இருக்கும் கலைஞர் பேசுவது பொறியாளருக்குக் கேட்பதற்காக வைத்திருந்த மைக்கின் வழியாக அவர் டிரம்ஸின் ஒலி நசுங்கிப் பெருத்துக் கேட்டபோது, அதை அப்படியே பதிவுசெய்யும் வழியைப் பேட்ஜம் கண்டுபிடித்தார். ஒவ்வோர் அடியும் பெரிய மண்டபத்தில் விழுந்ததுபோல் முழங்கி, எதிரொலி மங்கத் தொடங்கும் முன்பே கத்தரித்ததுபோல் நின்றுவிடும். 1980-களின் ராக், பாப் பாட்டுகளில் எங்கும் பரவிய டிரம்ஸ் ஒலியின் ஊற்று இது. காலின்ஸ் தம் ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டில் இதையே உலகெங்கும் கொண்டுசேர்த்தார்.

அந்த முழக்கத்தின்மேல் கேப்ரியல் பாடுவது, இரவில் பிறர் வீட்டுக்குள் நுழைகிறவனின் குரலில். அவன் என்ன எடுத்துப் போகிறான் என்பது முக்கியமில்லை. உள்ளே உறங்குகிறவர்களின் அச்சத்தை அவன் சுவைக்கிறான். ‘ஃபேமிலி ஸ்னாப்ஷாட்’ பாட்டில் அரசியல் தலைவர் ஒருவரைச் சுடக் காத்திருக்கும் இளைஞனாகிறார். துப்பாக்கி வெடித்தபின் இசை அடங்கி, பெற்றோரின் கவனத்துக்கு ஏங்கும் ஒரு சிறுவன் மட்டும் பாட்டில் மிஞ்சுகிறான். ‘த மியூசிக்கல் பாக்ஸ்’ பாட்டில் சிறுவன் கிழவனானான். இங்கே கொலைகாரன் சிறுவனாகிறான். வேடங்களையும் முகமூடிகளையும் கழற்றிவைத்துவிட்ட கேப்ரியல், அந்த நடிப்பு முழுவதையும் குரலுக்குள் கொண்டுவந்துவிட்டார். பத்து நிமிடங்கள் தேவைப்பட்ட மாற்றம் நாலரை நிமிடத்தில் நிகழ்கிறது. ஜெனசிஸுக்குத் திரும்பிச் செல்வதற்கான வழி இதனுள்ளேயே இருக்கிறது என்பதால்தான் இந்த ஆல்பத்தைத் தொடக்கமாக நான் வற்புறுத்துகிறேன்.

முன்னோக்கிச் செல்வதற்கான வழியும் அதில் உண்டு. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘பீக்கோ’. தென்னாப்பிரிக்காவின் கறுப்பின விடுதலைப் போராளி ஸ்டீவ் பீக்கோ 1977 செப்டம்பர் 12 அன்று காவலில் இருந்தபோது பட்ட காயங்களால் இறந்தார். அவருக்கான இந்த இரங்கல் பாட்டு, தென்னாப்பிரிக்கச் சவ ஊர்வலங்களில் மக்கள் பாடும் பாட்டுகளின் ஒலிப்பதிவோடு தொடங்கி, அப்படியே முடிகிறது. இடையில் கனத்த டிரம்ஸ் ஒரே நடையில் ஏழு நிமிடங்களுக்கும் மேலாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. அலங்காரமான சொற்கள் ஏதுமில்லை. நாளும் இடமும் வானிலையும் அறிக்கையைப்போலச் சொல்லப்படுகின்றன. இறுதியில் சொற்கள் நின்று, வெறும் குரல்களின் முழக்கம் மட்டும் எஞ்சுகிறது. 1988-இல் லண்டன் வெம்பிளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி நடந்த நிகழ்ச்சியில் கேப்ரியல் இதைப் பாடினார். அதே ஆண்டு ஆம்னெஸ்டி அமைப்பின் மனித உரிமைச் சுற்றுப்பயணத்தில் புது தில்லிக்கும் வந்தார்.

அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் இந்த ஆல்பத்தை வெளியிட மறுத்தது. மெர்க்குரி நிறுவனம் வெளியிட்டது. பிரிட்டனில் இது முதலிடம் பெற்றது. பாடகி கேட் புஷ் பின்குரல் தந்த ‘கேம்ஸ் விதவுட் ஃபிரன்டியர்ஸ்’ நான்காம் இடத்தை எட்டியது. கடினமான ஆல்பம் என்று அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி ‘சோ’. தயாரிப்பாளர் டேனியல் லான்வாவுடன் சேர்ந்து உருவாக்கி 1986-இல் வெளிவந்த இந்த ஆல்பம்தான் கேப்ரியலை உலக நட்சத்திரமாக்கியது. ஓட்டிஸ் ரெடிங் போன்ற, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசைப் பாடகர்கள்மேல் இளமையிலிருந்தே அவருக்கு இருந்த பற்றிலிருந்து ‘ஸ்லெட்ஜ்ஹேமர்’ பிறந்தது. அந்த ஜூலையில் அமெரிக்கத் தரவரிசையில் அது முதலிடத்தைப் பிடித்தபோது, அது இடம்பெயர்த்த பாட்டு ஜெனசிஸின் ‘இன்விசிபிள் டச்’. பழைய குழுவும் விலகிய பாடகரும் அடுத்தடுத்த வாரங்களில் அதே சிகரத்தில் நின்றார்கள் என்பது ராக் வரலாற்றில் அரிதான நிகழ்வு. வேலையிழந்த ஓர் ஆணின் குரலாகக் கேப்ரியலும் அவனைத் தேற்றும் குரலாகக் கேட் புஷ்ஷும் பாடும் ‘டோன்ட் கிவ் அப்’, செனகலின் யூசூ என்டூர் இறுதியில் வானளாவப் பாடும் ‘இன் யுவர் ஐஸ்’, கவிஞர் ஆன் செக்ஸ்டனை நினைத்து எழுதிய ‘மெர்சி ஸ்ட்ரீட்’ ஆகியவை எந்த மொழிக்காரரையும் தொடும்.

ஆகவே ஒரே ஓர் ஆல்பம்தான் கேட்கப்போகிறேன், அதற்குமேல் நேரமில்லை என்பவர் தயங்காமல் ‘சோ’ ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேப்ரியலை முழுதாக அறிய விரும்புகிறவருக்கு அது சரியான முதற்படியாக எனக்குத் தோன்றவில்லை. அதன் ஒலி மிகவும் மெருகேறியது. அதில் அவர் பெரும்பாலும் தம் சொந்தக் குரலில், தம் சொந்த உணர்ச்சியைப் பாடுகிறார். அதிலிருந்து நேராக ‘சப்பர்ஸ் ரெடி’ பாட்டுக்குப் போகிறவருக்கு வேறொருவரின் இசையைக் கேட்பதுபோல் இருக்கும். தாவ வேண்டிய தூரம் அதிகம்.

‘சோ’ ஆல்பத்துக்குப் பின் வந்தவற்றில் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. மார்ட்டின் ஸ்கோர்செசியின் படத்துக்காக அமைத்த இசையை விரிவாக்கி 1989-இல் வெளியிட்ட ‘பேஷன்’ ஆல்பத்தில் வயலின் வாசித்தவர்களில் எல். சங்கரும் ஒருவர். சென்னையில் பிறந்தவர்; யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன், திரையிசை அமைப்பாளர் எல். வைத்தியநாதனின் தம்பி, கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு சக்தி இசைக்குழுவில் வாசித்தவர். 1993-94 சுற்றுப்பயணத்தில் கேப்ரியலின் மேடைக்குழுவில் அவர் வயலினும் வாசித்துப் பாடவும் செய்தார். இத்தாலியின் மொடேனாவில் பதிவான ‘சீக்ரெட் வேர்ல்ட் லைவ்’ நிகழ்ச்சியில் அவரைக் காணலாம். கேட்பதைவிடப் பார்ப்பதன் வழியாகவே இசைக்குள் எளிதில் நுழைகிறவர்க்கு இந்த ஒளிப்பதிவை நான்காவது தெரிவாகவே முன்வைப்பேன். முதல் பாட்டை கேப்ரியல் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று தொடங்குகிறார். கையிலுள்ள கருவியின் கம்பி பின்னால் இழுத்துப் பிடிக்க, எதிரிலிருந்து பாடிவரும் பாடகி பவுலா கோல் இருக்கும் திசை நோக்கி முன்னேற முயல்கிறார். பேச முடியாமல் போன உறவைப் பற்றிய பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான காட்சியமைப்பை நான் கண்டதில்லை. நரித்தலை அணிந்த அந்த இளைஞர் இருபது ஆண்டுகளில் எங்கே வந்து சேர்ந்தார் என்பதும் அதில் தெரிகிறது.

தனிப் பயணத்தின் இந்த உலகளாவிய விரிவுக்கு ஜெனசிஸும் ஒருமுறை கைகொடுத்தது. பல நாட்டு இசைக் கலைஞர்களை ஒரே மேடைக்குக் கொண்டுவர கேப்ரியலும் நண்பர்களும் 1982 ஜூலையில் ஷெப்டன் மாலெட்டில் நடத்திய முதல் வோமாட் விழா பெரும் நட்டத்தில் முடிந்தது. கடன்காரர்கள் அவரையே தேடி வந்தார்கள். அக்கடனை அடைப்பதற்காகப் பழைய தோழர்கள் அக்டோபர் 2 அன்று மில்ட்டன் கீன்ஸில், கொட்டும் மழையில், அவரோடு சேர்ந்து மீண்டும் ஜெனசிஸாக மேடையேறினார்கள். இரு காலங்களையும் எதிரெதிர் முகாம்களாக வைத்துச் சண்டையிடும் ரசிகர்கள் இந்த ஒரு நாளையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி வரிசை. முதலில் 1980-இன் மூன்றாவது ஆல்பம்; விளக்கை அணைத்துவிட்டு, ‘இன்ட்ரூடர்’ தொடங்கி ‘பீக்கோ’ வரை இடையில் நிறுத்தாமல். அதில் உங்களைப் பிடித்தது பாத்திரங்களாக மாறும் குரல் என்றால் அடுத்து ‘செல்லிங் இங்கிலாந்து’, பிறகு ‘ஃபாக்ஸ்ட்ராட்’. பிடித்தது தாளமும் ஒலியும் என்றால் நான்காவது ஆல்பம், பிறகு ‘சோ’, ‘பேஷன்’. ஏற்கெனவே நீண்ட வாத்திய இசையில் பழக்கமும் பொறுமையும் உள்ளவர்கள் மட்டும் ஜெனசிஸிலிருந்தே தொடங்கலாம். அவர்களுக்கு நான் சொன்ன தடைகள் பெரிதாகத் தோன்றா. இளைய வாசகர்கள் சிலர் அண்மையில் வந்த ‘ஐ/ஓ’ ஆல்பத்திலிருந்து தொடங்க விரும்பலாம். 2023-இல் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பாட்டாக வெளிவந்து ஆண்டிறுதியில் ஆல்பமான அது, ஒரே பாட்டுகளின் இரண்டு ஒலிக்கலவைகளோடு கிடைக்கிறது: ஒன்று மார்க் ஸ்டென்ட் செய்த ‘ஒளிப் பக்கம்’, மற்றொன்று சாட் பிளேக் செய்த ‘இருள் பக்கம்’. அவர்களுக்கு ‘இருள் பக்க’த்தைப் பரிந்துரைப்பேன், எழுபதை நெருங்கிய வயதிலும் கடந்த வயதிலும் பாடிய அந்தக் குரலின் கரகரப்பு அதில்தான் மறைக்கப்படாமல் கேட்கிறது.